கச்சான் காற்றும் கிரில் டக்டும்: கீழக்கரையில் ஒரு 370 இசட்

வண்டி நிசான் 370 இசட். 3.7 லிட்டர் வி6 என்ஜின், டர்போ கிடையாது, நிமிடத்துக்கு 7000 சுற்றில் 328 குதிரைசக்தி. 2010-ல் நிசான் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த கார். நம் பக்கம் அபூர்வமாகத்தான் கண்ணில் படும். இந்த ஒன்று கீழக்கரையில் நிற்கிறது. உரிமையாளர் வருடத்தில் பாதி துபாயில், பாதி ஊரில். ஊரில் இருக்கும் நாட்களில் ஈசிஆரில் ஏர்வாடி, சாயல்குடி வரை ஒரு ஓட்டம், இல்லாவிட்டால் பாம்பன் பாலம் ஏறித் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை. வண்டியின் பிழைப்பு முழுக்கக் கடற்கரையில்தான். இந்த ஆய்வில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

வெளியூர்க் கடை ஒன்றில் கிரில்லுக்குள் ரேம் ஏர் டக்ட், அதாவது ஓடும் வேகத்தில் மோதும் காற்றை நேராக என்ஜினுக்கு விடும் குழாய், மாட்டியிருந்தார். இரண்டு பக்கமும் கார்பன் ஃபைபரில் செய்த வாய், அதிலிருந்து 63 மில்லிமீட்டர் மடிப்பு ஹோஸ், அது நேராக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள். கம்பெனியிலிருந்து வந்த காற்றுக் குழல்களைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். காகித ஃபில்டருக்குப் பதில் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர். பத்துப் பதினைந்து குதிரை கூடும் என்று சொல்லி விற்றார்களாம்.

“அண்ணே, மாட்டுன புதுசுல பறந்துச்சு. இப்ப மூச்சு வாங்குது.”

எங்கள் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்து அவர் சொன்னது இதுதான். ஐடிலிங் ஏறி இறங்குகிறது, 3000 சுற்றுக்கு மேல் பிக்கப் மந்தம், செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0171, பி0174 இரண்டும் வந்தன. அதாவது வி வடிவத்தின் இரண்டு வரிசையிலும் கலவை மெலிந்திருக்கிறது. உள்ளே போகும் காற்றுக்குத் தக்க பெட்ரோல் கிடைக்கவில்லை. வேக்யூம் கசிவு இருக்கிறதா என்று புகை விட்டுப் பார்த்தோம், இல்லை. பெட்ரோல் அழுத்தம் சரி. அப்புறம் மிஞ்சியது காற்றை அளக்கும் இடம்.

ரேம் ஏர் உண்மையில் எவ்வளவு தரும்

பழுதுக்குள் போகும் முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். வண்டி கொண்டுவருகிற எல்லோரும் கேட்பது இதைத்தான்.

ஓடும் வண்டியின் மூக்கில் காற்று மோதி நிற்கும்போது கிடைக்கும் அழுத்தம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். நம் ஊர் வெயிலில் அடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் சுமார் 443 பாஸ்கல் வருகிறது. வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் பாஸ்கல். ஆக, கூடுவது அரை விழுக்காடு கூட இல்லை. 328 குதிரையில் அது ஒன்றரைக் குதிரை. 160-ல் போனால் 1.1 விழுக்காடு, மூன்றரைச் சொச்சம். கீழக்கரைச் சாலையில் 160-ல் போகிறவரிடம் எனக்குப் பேச வேறு விஷயம் இருக்கிறது.

இதுவும் ஒரு துளி நஷ்டமில்லாமல் ஃபில்டர் வரை வந்து சேர்ந்தால்தான். வழியில் ஹோஸ் இருக்கிறது. 5500 சுற்றில் முழு ஆக்ஸிலரேட்டரில் இந்த என்ஜின் விநாடிக்கு 170 லிட்டர் வரை காற்று கேட்கும். ஒரு பக்கத்துக்கு 85 லிட்டர். 63 மில்லிமீட்டர் ஹோஸில் அந்த 85 லிட்டர் போக வேண்டுமென்றால் உள்ளே காற்று விநாடிக்கு 27 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும், அதாவது மணிக்கு 98 கிலோமீட்டர். வண்டியோ இரண்டாவது கியரில் அப்போது 80-ல்தான் போகிறது. வெளியே மோதுகிற காற்றை விட வேகமாக உள்ளே உறிஞ்ச வேண்டியிருக்கிறது. மோதிக் கிடைத்த அழுத்தத்தை ஹோஸின் வளைவும் மடிப்பும் தின்றுவிட்டு, மேற்கொண்டு கடனும் வைக்கும்.

இன்னொன்று. சாதாரணமாக 80-ல் போகும்போது என்ஜின் தன்னால் இழுக்க முடிந்த காற்றில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். அதற்கு முன்னால் அழுத்தம் கூடினால் ஓட்டுபவரின் கால் ஒரு மயிரிழை குறைவாக அழுத்தும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் ரேம் ஏர் பொய்யா? இல்லை. 1964-ல் ஃபோர்டு தண்டர்போல்ட்டில் உள்பக்க ஹெட்லைட் இரண்டையும் எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் காற்றைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அது கால் மைல் பந்தயத்துக்கென்றே கட்டிய கார். 1990-ல் காவாசாகி இசட்இசட்-ஆர்1100 பைக்கில் ரேம் ஏர் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. மணிக்கு 280-ல் போகும் இயந்திரத்துக்கு 3.4 விழுக்காடு கிடைக்கும். அங்கே அது காசு. நம் கதையில் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, கிடைப்பதோ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வர்க்கக் கணக்கு அப்படித்தான் கைவிரிக்கும்.

டக்ட் உண்மையில் ஏதாவது தருகிறதென்றால் அது குளிர்ந்த காற்று. பானெட்டுக்குள் 55 டிகிரியில் கிடக்கும் காற்றை விட்டுவிட்டு வெளியிலிருந்து 35 டிகிரிக் காற்றை எடுத்தால் அடர்த்தி ஆறரை விழுக்காடு கூடுகிறது. சக்தி அந்த அளவுக்கு ஏறாது. என்ஜின் சோதனைக்கான எஸ்ஏஇ ஜே1349 தரநிலை வெப்பநிலைத் திருத்தத்தை வர்க்கமூலத்தில் வைக்கிறது, அதன்படி மூன்று விழுக்காட்டுச் சொச்சம். அதுவே பத்துக் குதிரை. கூடவே, சூடான காற்றில் என்ஜின் தட்டாமல் இருக்க கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்தள்ளுவதும் நிற்கும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம்: கம்பெனி மாட்டிய குழலும் வெளிக் காற்றைத்தான் எடுக்கிறது. அதை ஏற்கெனவே செய்துவைத்திருக்கும் காரில் புது டக்ட் மாட்டினால் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதைப் பின்னால் அளந்தோம்.

ஈரப்பதத்தையும் சேர்க்க வேண்டும். 32 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரப்பதம் என்றால் நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு நீராவி. அந்த இடத்தில் ஆக்ஸிஜன் இல்லை. கீழக்கரையில் ஒரு புழுக்கமான மாலை, ரேம் ஏர் 100-ல் கொடுப்பதைப் போல எட்டு மடங்கைப் பேசாமல் எடுத்துக்கொண்டு போகிறது. இதற்கு யாரும் கிட் விற்பதில்லை.

இடது பக்கம்

இந்த என்ஜினில் இரண்டு ஃபில்டர் பெட்டி, இரண்டு காற்றளவு சென்சர், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலும் இரண்டு. அது எங்களுக்கு வசதி. ஒரே சுற்றில் இரண்டு சென்சரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டவில்லை. இடது, வலதை விட ஏழில் ஒரு பங்கு குறைவு. வலதும் ஒழுங்கில்லை, அதன் எண்ணும் அந்தச் சுற்றுக்கு எதிர்பார்ப்பதை விடக் கீழே.

குறைந்த எண்ணுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். உண்மையிலேயே அந்தப் பக்கம் காற்று குறைவாக வருகிறது, அல்லது வருகிற காற்றை சென்சர் குறைத்துச் சொல்கிறது. இரண்டையும் பிரிக்க எளிய வழி சென்சர்களை இடம் மாற்றிப் போடுவது. மாற்றினோம். குறைவு வலது பக்கத்துக்குத் தாவியது, ஆனால் முழுதாகத் தாவவில்லை. பாதிக்கும் சற்று மேல்தான் போனது. மிச்சம் இடதிலேயே உட்கார்ந்திருந்தது. ஆக இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கின்றன: சென்சர் அழுக்கு, அதோடு இடது வழியில் ஓர் அடைப்பு.

இடது ஃபில்டரைக் கழற்றியபோது கை ஈரமானது. மழை பெய்து நாளாகியிருந்தது. மடிப்புகளின் அடியில் ரவையைவிடப் பொடியான மணல் வரிவரியாகப் படிந்து, அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டினால் பிசுபிசுவென்று வந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன், கரித்தது. வலது ஃபில்டரிலும் மணல் உண்டு, உப்பும் உண்டு, ஆனால் அது காய்ந்து கிடந்தது.

ஏன் இடது மட்டும் என்பதற்குப் பம்பரைக் கழற்றியதும் பதில் தெரிந்தது. வலதில் ஹோஸ் ஏறக்குறைய நேர் வழியாகப் போகிறது. இடதில் ஹாரன் பிராக்கெட் குறுக்கே நிற்கிறது. மாட்டியவர் அதை நகர்த்தாமல், ஹோஸைக் கீழே இறக்கி, பிராக்கெட்டுக்கு அடியில் நுழைத்து, மறுபடி மேலே ஏற்றி ஃபில்டர் பெட்டியில் செருகியிருக்கிறார். அந்த இறக்கத்தில் ஒரு தொட்டி உருவாகிவிட்டது. வடிகால் ஓட்டை இல்லை. ஹோஸைக் கழற்றிச் சாய்த்தால் மணலும் தண்ணீருமாக ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டியது. மடிப்பு ஹோஸ் என்பதால் ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் தங்கியிருந்தது.

சென்சரை பூதக்கண்ணாடியில் பார்த்தோம். அதற்குள் இருப்பது சூடாக்கப்பட்ட ஒரு சின்ன உறுப்பு. காற்று அதைக் குளிர்விக்கும். பழைய சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் காற்றை எடை போடுகிறது. அந்த உறுப்பின்மேல் பருத்தி ஃபில்டரிலிருந்து வந்த எண்ணெய்ப் படலம், அதில் ஒட்டிய வெள்ளைப் பொடி. போர்வை போர்த்திய சென்சர் காற்றை உணர்வது குறையும், குறைவாகச் சொல்லும், கம்ப்யூட்டர் குறைவாகப் பெட்ரோல் விடும். பி0171, பி0174 அங்கிருந்து வந்தவை.

சென்சரைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே இருக்கிறது. கார்புரேட்டர் கிளீனர் அடிக்கக் கூடாது, பஞ்சால் துடைக்கவும் கூடாது. இதைச் சொல்லக் காரணம், இரண்டையும் செய்து சென்சரையே மாற்ற வேண்டி வந்த வண்டிகள் எங்களிடம் வருகின்றன.

மணலும் உப்பும் எங்கிருந்து

உரிமையாளருக்கு நம்பிக்கை வரவில்லை. “தார் ரோட்டுலதான ஓட்டுறேன், மணல் எப்டிண்ணே?” என்றார்.

தனுஷ்கோடிச் சாலையில் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் ஓட்டியவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். முகுந்தராயர்சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை இருபுறமும் கடல், நடுவில் மணல், அதன்மேல் 2017-ல் திறந்த தார்ச்சாலை. தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து சாலையைக் குறுக்கே கடக்கும். மணல் காற்றில் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் துள்ளி ஓடும். 370 இசட்டின் கிரில் வாயும் ஏறக்குறைய அந்த உயரம்தான். கம்பெனி மாட்டிய குழலின் வாய் அதைவிட மேலே, பானெட் விளிம்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதில் வளைவும் ஏற்றமும் வைத்திருக்கிறார்கள். அந்த வளைவுகளைப் பார்த்துத்தான் “காத்தைத் தடுக்குது” என்று கழற்றி எறிகிறார்கள். மணலும் தண்ணீரும் வளைவில் திரும்ப முடியாமல் விழுந்துவிட வேண்டும் என்பதற்காக வைத்தது அது.

உப்பு வேறு ரகம். அலை உடையும்போது தெறிக்கும் பொடித்துளி காற்றில் காய்ந்து உப்புத் தூசியாக வருகிறது. அது ஃபில்டரில் சிக்கியதோடு வேலை முடிவதில்லை. சாதாரண சோடியம் குளோரைடு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே கரைய ஆரம்பித்துவிடும். வாலிநோக்கம் உப்பளங்களில் உப்பு எடுத்தபின் கடைசியில் மிஞ்சுகிற கசப்பு நீர் காயாமல் அடம்பிடிப்பது இதனால்தான். ஃபில்டரில் பிடித்த உப்பு இரவில் கசிந்து மடிப்பை நனைக்கிறது, பகலில் ஓரளவு காய்ந்து இறுகுகிறது, மறுநாள் இரவு மீண்டும் கசிகிறது. வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் இது நடக்கும். அவர் துபாயில் இருந்த மாதங்களில் யாரும் ஓட்டாமலேயே அந்த ஃபில்டர் கெட்டுக்கொண்டிருந்தது.

பிராக்கெட்டுகளும் தப்பவில்லை. கார்பன் ஃபைபர் வாயை அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். மூன்றும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு பேட்டரி, பலி அலுமினியம். கார்பன் தொட்ட இடமெல்லாம் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, ஒரு மூலையில் விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. உலகிலேயே துரு கொடுமையான இடங்களில் ஒன்றாகப் பொறியாளர்கள் சொல்லும் பாம்பன் இங்கிருந்து பக்கம்தான். 1914-ல் கட்டிய ரயில் பாலத்துக்குப் பெயின்ட் அடித்தே ஒரு தலைமுறை வேலை பார்த்திருக்கிறது.

மாற்றிக் கட்டியது

என் யோசனை, டக்டைக் கழற்றிவிட்டுக் கம்பெனிக் குழலை வரவழைத்துப் போடுவது. செலவும் குறைவு. அவருக்கு மனமில்லை. கிரில்லுக்குள் கார்பன் வாய் தெரிவதும், முழு ஆக்ஸிலரேட்டரில் வரும் உறிஞ்சல் சத்தமும் அவருக்கு வேண்டும். காசு அவருடையது, ஆசையும் அவருடையது. அதில் தவறில்லை, குதிரைசக்திக்காக என்று சொல்லாதவரை.

சரி, வாய் இருக்கட்டும், வழியை மாற்றுவோம் என்று முடிவானது. யோசனை வந்தது பாம்பனில் விசைப்படகு என்ஜின் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடமிருந்து. பம்பர் கழற்றிய வண்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “காத்தை நேரா உள்ள விட்டா தண்ணியும் நேராத்தான்டா தம்பி வரும்.” விசைப்படகில் என்ஜின் அறைக்குக் காற்று போகும் குழாயை மேலே ஏற்றி, வளைத்து, வாய் கீழே பார்க்கும்படி விடுவார்கள். அலை ஏறியடித்தாலும் தண்ணீர் உள்ளே போக ஏறித் திரும்ப வேண்டும். அதையே இங்கும் செய்தோம்.

ஒவ்வொரு பக்கமும் பம்பருக்குப் பின்னால் ஒரு வண்டல் பெட்டி. மண்டபம் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டுகிற பட்டறையில் சொல்லி, அட்டையில் அச்சு வெட்டிக் கொடுத்துச் செய்து வாங்கினோம். கண்ணாடி இழையும் ரெசினும் என்பதால் துரு என்ற பேச்சே இல்லை. கிரில் வாயிலிருந்து வரும் காற்று பெட்டியின் அடிப்பக்கம் நுழைகிறது. ஃபில்டருக்குப் போகும் குழாயின் வாய் உள்ளே உச்சியில், கீழ்நோக்கிப் பார்க்கிறது. நடுவில் ஒரு தடுப்பு. பெட்டியின் குறுக்குப் பரப்பு சுமார் 270 சதுர சென்டிமீட்டர். அதே 85 லிட்டர் காற்று அங்கே விநாடிக்கு 3 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த மெதுவான ஓட்டத்தில், திரும்பும் இடத்தில், மணலும் துளியும் விழுந்துவிடுகின்றன. உப்புத் தூசி விழாது. அது ஃபில்டரின் பாடு.

பெட்டியின் அடியில் வடிகாலுக்கு வெறும் ஓட்டை வைத்தால் அதன் வழியாகவே சாலைத் தண்ணீரை உறிஞ்சும். டிராக்டர் ஏர் கிளீனரின் அடியில் தொங்குமே, உதடு ஒட்டிய ரப்பர் வால்வு, அதை ராமநாதபுரத்திலேயே டிராக்டர் ஸ்பேர் கடையில் வாங்கி மாட்டினோம். என்ஜின் உறிஞ்சும்போது உதடு மூடிக்கொள்ளும். நின்றதும் தளர்ந்து, சேர்ந்ததைக் கீழே தள்ளும். இந்த வேலை முழுக்க எனக்கு மிகவும் பிடித்த உதிரி இதுதான், விலையிலும்.

ஹோஸ் 63-லிருந்து 76 மில்லிமீட்டராக மாறியது, உள்ளே வழவழப்பான சிலிகான் ரகம். உள்வேகம் விநாடிக்கு 27 மீட்டரிலிருந்து 19-க்குக் கீழே வருகிறது. வழியில் தின்கிற அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் குறைவதால் அது பாதிக்கும் கீழ். ஹாரன் பிராக்கெட்டை நகர்த்தி வேறிடத்தில் மாட்டினோம், அரை மணி வேலை. முதலில் மாட்டியவர் இந்த அரை மணியைச் செலவிட்டிருந்தால் பாதிக் கதை இல்லை. பருத்தி ஃபில்டர் போய்ப் பழைய காகித ஃபில்டர் வந்தது. அலுமினியத் தகடுக்குப் பதில் ஃபைபர் தகடு, போல்ட்டுகள் 316 ரக ஸ்டெயின்லெஸ், கார்பன் தொடும் இடங்களில் நைலான் வாஷர்.

கார்பன் வாயின் அகலத்தையும் ஒரு பக்கம் இரண்டு விரல் குறைத்தோம். அது ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் போகிற வழியை மறைத்துக்கொண்டு நின்றது. இந்த என்ஜின் ஆயில் சூட்டுக்குப் பேர்போனது. ஒன்றரைக் குதிரைக்காக ரேடியேட்டரின் மூச்சை அடைப்பது வீண் வம்பு.

காகிதத்தில் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே படித்தது. காற்று வழியில் மாற்றம் செய்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தோம். தண்ணீர் குடித்து என்ஜின் ராடு வளைந்தால் அப்போது வரும் சர்வேயர் முதலில் பார்க்கப்போவது கிரில்லைத்தான்.

ஓட்டிப் பார்த்தது

அழுத்தத்தை அளக்க மருந்துக்கடையில் டிரிப் செட் வாங்கினோம். அந்தக் குழாயை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிவரை நீல மை கலந்த தண்ணீர். ஒரு முனை ஃபில்டர் பெட்டியில் இருந்து, என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டின் ஓட்டை வழியே உள்ளே வருகிறது, மறுமுனை காருக்குள், கண்ணாடி ஏற்றி, ஏசி உள்சுழற்சியில். ஆய்வகத் துல்லியம் வராது. முன்னும் பின்னும் ஒப்பிட இது போதும். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 10 பாஸ்கல். பலகையைப் பிடித்துக்கொண்டு எண் சொல்வது பட்டறைத் தம்பியின் வேலை.

ஏர்வாடி தாண்டி சாயல்குடி நோக்கிப் போனால் கச்சான் காலத்தில் காற்று ஏறக்குறைய நேர் எதிரே. திரும்பும்போது முதுகில். ஸ்பீடோமீட்டரில் இரண்டு முறையும் 80. ஆனால் டக்ட் வாய்க்கு ஸ்பீடோமீட்டர் தெரியாது. அதற்குத் தெரிவது காற்றின் வேகம் மட்டும். எதிர்க்காற்று 30 இருந்தால் அது 110-ல் போகிறது, முதுகுக் காற்றானால் வெறும் 50-ல். கணக்குப்படி 55 மில்லிமீட்டர் தண்ணீரும் 11 மில்லிமீட்டரும் வர வேண்டும். குழாயில் கண்டது இரண்டிலும் சற்றுக் குறைவு, விகிதம் மட்டும் மாறவில்லை. போகும்போது ஐந்து மடங்கு. தம்பி பலகையைத் தட்டிப் பார்த்தான், காற்றுக்குமிழி ஏதும் இருக்கிறதா என்று. இல்லை. “புதுசுல பறந்துச்சு” என்று அவர் சொன்னதில் எத்தனை பங்கு கச்சான் என்று யாருக்குத் தெரியும்.

முழு ஆக்ஸிலரேட்டரில் கதை வேறு. இரண்டாவது கியரில் 80-ஐத் தொடும்போது, பழைய 63 ஹோஸில் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறியது. பெட்டிக்குள் அழுத்தம் வெளியை விடக் கீழே, மூன்று விரல்கடைக்கு மேல். ரேம் ஏர் என்று விற்ற பொருள் உறிஞ்சுகுழாயாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. 76 ஹோஸும் வண்டல் பெட்டியும் வந்தபின் தண்ணீர் நடுக்கோட்டை ஒட்டி ஆடி நின்றது. மிகையும் இல்லை, குறையும் இல்லை.

வெப்பத்துக்குப் பெட்டிக்குள் ஒரு மின்வெப்பமானிக் கம்பி. ஓடும்போது உள்காற்று வெளியை விட மூன்று டிகிரிதான் கூடுதல். ராமநாதபுரம் அரண்மனைத் தெருவில் சந்தை நேரத்தில் ஊர்ந்தபோது அதே கம்பி 50-ஐத் தாண்டியது. நிற்கிற வண்டியில் ரேடியேட்டர்ச் சூடு முன்னால் சுற்றிவந்து அதே வாய்க்குள்தான் போகிறது. நண்பர் ஒருவர் தன் வண்டியிலிருந்து கழற்றி இரவல் கொடுத்த கம்பெனிக் குழல் ஒன்றை ஒரு பக்கம் மாட்டி அதே சாலையில் ஓட்டியதில், ஓட்டத்தில் வெளியை விட ஆறு டிகிரி கூடுதல். ஆக இத்தனை வேலைக்கும் கம்பெனிக் குழலோடு ஒப்பிட்டால் லாபம் மூன்று டிகிரி, அடர்த்தியில் ஒரு விழுக்காடு. சக்தியில் அதில் பாதி. ஓட்டுபவரின் முதுகுக்கு அது தெரியாது.

தெரிந்தது வேறு. சென்சர்கள் சுத்தமானதும் இடதும் வலதும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன, கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் திருத்தம் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தது, ஐடிலிங் அமர்ந்தது. வண்டி இப்போதும் பறக்கிறது என்றுதான் சொல்கிறார். இழந்ததைத் திருப்பிக் கொடுத்ததுதான், கூட்டிக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். தலையாட்டினார், கேட்டமாதிரி தெரியவில்லை.

மழைக்கு மட்டும் தனி ஏற்பாடு. 2024 நவம்பர் 20-ல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படி ஒரு நாளில் கிரில் உயரத்து வாயோடு வெளியே போகக் கூடாது. வண்டல் பெட்டியின் பக்கவாட்டில் ஃபெண்டர் உள்மடிப்பைப் பார்த்து இன்னொரு வாய் வைத்து அதற்கு ஒரு மூடி. ஐப்பசி பிறந்தால் முன்வாயை மூடிவிட்டுப் பக்கவாயைத் திறப்பது, தை பிறந்ததும் மாற்றுவது. இரண்டு திருகு வேலை, அவரே செய்துகொள்கிறார். தனுஷ்கோடி போய்வந்தால் ரப்பர் வால்வை ஒரு முறை நசுக்கிவிட வேண்டும், மணல் பொலபொலவென்று கொட்டும். துபாய் கிளம்பும் முன் ஃபில்டரைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்குள் வைத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறேன், ஃபில்டர் இல்லாமல் யாரும் ஸ்டார்ட் செய்துவிடாமல் இருக்க.

போன வாரம் மச்சானின் டர்போ பெட்ரோல் காரை அனுப்பியிருந்தார், இதே மாதிரி டக்ட் வேண்டுமாம். பம்பரைக் கழற்றிப் பார்த்தால், டர்போ அழுத்திச் சூடாக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் முகம் முழுக்கப் பூச்சியும் மணலும் அப்பிக் கிடந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி, காய வைத்து, டக்ட் மாட்டாமலேயே திருப்பி அனுப்பினோம். பில் நானூறு ரூபாய்.